சாய்ந்த பகடை செல்லாது

“உனக்குக் கோபமே வராதா?” என்று மாஸ்டர் ஒருமுறை கேட்டார்.

வராது என்று தலையாட்டினேன். அன்றைக்கு அது உண்மை என்றுதான் நினைத்தேன். அக்காவின் முதுகுக்குப் பின்னால் பாதி ஒளிந்தபடி நின்றிருந்தேன். அப்படியென்றால் எனக்குப் பார்பேரியன், அதாவது வெறிபிடித்த காட்டுப் போராளிதான் சரி என்று சொல்லி அவர் ஒரு வெற்றுத் தாளை நீட்டினார். மேசையில் எல்லோரும் சிரித்தார்கள். கெட்ட சிரிப்பு இல்லை.

நீங்கள் இந்த விளையாட்டைப் பார்த்ததில்லை என்றீர்கள். எனக்குப் பேச வராது என்று தெரிந்து எழுதக் கொடுத்ததற்கு நன்றி. கொஞ்சம் விளக்கினால்தான் உங்களுக்குப் புரியும்.

பொம்மைக் கடைக்கு மேலே ஒரு அறை. நீள மேசை. சனிக்கிழமை மத்தியானம் கூடுவோம். மாஸ்டர் கதை சொல்வார். குகை வாசலில் ஓநாய்கள் நிற்கின்றன, என்ன செய்யப் போகிறீர்கள் என்பார். நாங்கள் ஆளுக்கொரு பாத்திரமாக இருந்து பதில் சொல்வோம். நடக்குமா நடக்காதா என்பதை இருபது முகம் உள்ள பகடை முடிவு செய்யும். வீட்டில் விளையாடினால் பாவம் பார்த்து விட்டுக்கொடுப்பார்கள். எங்களுடையது சங்கத்து ஆட்டம். எந்த ஊரில் எந்த மேசையில் போய் உட்கார்ந்தாலும் சட்டம் ஒன்றுதான். செத்த பாத்திரம் செத்ததுதான்.

மேசையில் ஒருவரை ஒருவர் பாத்திரத்தின் பெயரால்தான் கூப்பிடுவோம். அக்கா திருடி. செல்போன் பழுது பார்ப்பவர் ஒருவர் வருவார், அவர் வைத்தியர். உடைந்த ஃபோனைத் தவிர எதற்கும் மருந்து தெரியாதவர் என்று அக்கா கிண்டல் செய்வாள்.

மாஸ்டர் கொடுத்த தாளில் என் பார்பேரியனுக்குக் கொம்பி என்று பெயர் எழுதினேன். “உனக்கென்ன கொம்பா முளைச்சிருக்கு?” என்று கேட்டுவிட்டுத்தான் அப்பா அடிக்க ஆரம்பிப்பார். அதனால் முளைக்கட்டும் என்று வைத்தேன். பாத்திரத்தின் ஒவ்வொரு திறமைக்கும் ஒரு எண் உண்டு. பலத்துக்கும் தாங்கும் சக்திக்கும் என்னிடம் இருந்த பெரிய எண்களைக் கொடுத்தேன். பேச்சுக்கு மிகச் சிறிய எண். கவசம் கிடையாது, கோடரி மட்டும்.

பார்பேரியனின் சிறப்பு வெறி. வெறி ஏறியபின் விழும் அடி பாதிதான் வலிக்கும். ஆனால் அது தானாக எரியாது. ஒவ்வொரு சுற்றிலும் யாரையாவது அடித்திருக்க வேண்டும், அல்லது அடி வாங்கியிருக்க வேண்டும். இரண்டும் இல்லையென்றால் அணைந்துவிடும். மாஸ்டர் இதைச் சொன்னபோது மற்றவர்கள் இரண்டு தடவை கேட்டுப் புரிந்துகொண்டார்கள். எனக்கு ஒரு தடவை போதுமாக இருந்தது. எங்கள் வீட்டில் அது அணைய வழியே இல்லை. அக்கா குறுக்கே வந்து நிற்கும் நாட்களில் மட்டும் கொஞ்சம் தணியும்.

பள்ளிக்கூடம் ஏன் நின்றது என்று கேட்டிருந்தீர்கள். வருகைப் பதிவின்போது எனக்குக் குரல் வராது. பக்கத்தில் இருந்தவள் என்னைப்போலவே வாயைத் திறந்து மூடிக் காட்டினாள். அவள் கை மேசைமேல் இருந்தது. கவராயம் என் கையில் இருந்தது. மேசையிலிருந்து அதைப் பிடுங்க ஆசிரியர் வர வேண்டியிருந்தது. மற்றபடி பெரிதாக ஒன்றுமில்லை.

கொம்பிக்குக் குரல் வந்தது. முதல் சண்டையிலேயே ஒரு ஓநாயின் தாடையைப் பிடித்துக் கிழித்தேன். எப்படிக் கிழிந்தது, எலும்பு எந்த இடத்தில் விட்டது என்று நானே சொன்னேன். வாய்விட்டுச் சொன்னேன். அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு எத்தனையோ பேரை வெட்டினேன். விழுந்தவனை இன்னொரு முறை வெட்டுவேன். அது வேண்டாமே என்பார் வைத்தியர். சங்கத்தில் கூட்டாளியை அடிக்கக் கூடாது என்று ஒரு சட்டம் உண்டு. அதை நான் ஒருநாளும் மீறியதில்லை. குறித்துக்கொள்ளுங்கள்.

விழுந்தவர் உடனே சாவதில்லை. தன் முறை வரும்போதெல்லாம் பகடை போடுவார். பத்தோ அதற்கு மேலோ விழுந்தால் ஒரு மூச்சு உள்ளே. குறைந்தால் ஒரு மூச்சு வெளியே. மூன்று உள்ளே வந்தால் பிழைத்தார். மூன்று வெளியே போனால் முடிந்தது. இருபது விழுந்தால் மட்டும் வேறு கணக்கே வேண்டாம், அப்போதே எழுந்து உட்கார்ந்துவிடுவார். கையிருப்பில் மருந்து மந்திரம் இருக்கும் கூட்டாளி, இதற்கு நடுவில் எப்போது வேண்டுமானாலும் காப்பாற்றலாம்.

அந்தச் சனிக்கிழமை பாறை அரக்கன் ஒருவன் அக்காவையும் என்னையும் சேர்த்து மிதித்தான். வைத்தியரிடம் ஒரே ஒரு மந்திரம் மீதி. அவர் யோசிக்கக்கூட இல்லை. “திருடி, எழுந்திரு,” என்றார். அடுத்த முறை வந்தபோது என் காயத்தையாவது கட்டியிருக்கலாம். அரக்கன் சாகக் கிடக்கிறான், முடித்துவிடலாம் என்று அவனை அடிக்கப் போனார். எனக்கு இரண்டு மூச்சு வெளியே போயிருந்தது. மூன்றாவதாகப் போட்ட பகடை உருண்டு போய் அக்காவின் தண்ணீர் பாட்டிலில் சாய்ந்து நின்றது. மேலே பதினைந்து.

மாஸ்டர் விட்டுவிடலாம் என்றுதான் பார்த்தார்.

“சாய்ஞ்சா செல்லாது மாஸ்டர்,” என்றார் வைத்தியர். “சட்டம்னா எல்லாருக்கும் ஒண்ணுதானே.”

அவர் வஞ்சகமாகச் சொல்லவில்லை. தன் பகடை சாய்ந்தாலும் அப்படித்தான் சொல்வார். மறுபடி போட்டேன். இரண்டு. மாஸ்டர் என் தாளின் குறுக்கே ஒரு கோடு இழுத்தார்.

மேசையைச் சுத்தம் செய்யும்போது, தானும் வைத்தியரும் கல்யாணம் செய்துகொள்ளப் போவதாக அக்கா சொன்னாள். எல்லோரும் கை தட்டினார்கள். இனிமேல் அவரை மாமா என்று கூப்பிட வேண்டும் என்று என் கன்னத்தைக் கிள்ளினாள். கொம்பி செத்துக் கால்மணி நேரம்கூட ஆகியிருக்காது.

மற்றவர்கள் முன்பக்கம் வழியாகப் போனார்கள். அக்கா வண்டி பிடிக்கத் தெருமுனைக்குப் போனாள். ஆட்டத்தில் மேசைமேல் நிறுத்தும் பொம்மை வீரர்களை அடுக்கிய பெட்டியைப் பின்படி வழியாகக் கடையில் கொண்டுபோய் வைப்பது வைத்தியரின் வேலை. குறுகலான சிமெண்டுப் படி. இரண்டு கையாலும் பெட்டியைப் பிடித்திருந்தார். நான் பின்னால் இருந்தேன்.

“நீயும் எங்களோடயே வந்து இரும்மா, அப்பாகிட்ட நான் பேசுறேன்,” என்றார். “கொம்பிக்காக மூஞ்சியத் தூக்கி வெச்சுக்காத. ஒரு தாள்தானே, வேற செஞ்சுக்கலாம்.”

முதல் பாதி எனக்கு அப்போது காதில் விழவில்லை. பிறகு யோசித்துப் பார்த்தபோதுதான் அவர் அதையும் சொன்னார் என்பது நினைவுக்கு வந்தது.

முதுகின் நடுவில் இரண்டு உள்ளங்கையையும் வைத்துத் தள்ளினேன். கூட்டாளியை அடிக்கக் கூடாதுதான். ஆனால் கொம்பி செத்துவிட்டாளே. செத்தவளுக்குக் கூட்டாளி ஏது.

படி திரும்பும் இடத்தில் அவர் தலை சுவரின் முனையில் பட்டது. கெட்டியான தேங்காயைத் தரையில் போட்டதுபோல் ஒரு சத்தம். பொம்மைகள் படியெல்லாம் சிதறின. காதிலிருந்து ரத்தம் வந்து கழுத்துப் பட்டிக்குள் இறங்கியது. குறட்டை மாதிரி மூச்சு விட்டார். வலது கை எதையோ தேடுவதுபோல் தரையைத் தடவியது. அவர் சாகவில்லை. விழுந்திருந்தார், அவ்வளவுதான். அதனால் என்ன செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரியும்.

பக்கத்துப் படியில் உட்கார்ந்து அவருக்காகப் பகடை போட்டேன். நான்கு. கொஞ்ச நேரம் விட்டேன், அவருடைய முறை வர வேண்டுமே. அடுத்தது ஏழு. அவர் பையில் ஃபோன் அடித்தது. திரையில் அக்காவின் படம். வெறியில் இருக்கும் பார்பேரியனால் மந்திரம் சொல்ல முடியாது, அதுவும் சட்டம்தான். அடித்து ஓயட்டும் என்று விட்டேன். மூன்றாவது பகடை ஒரு படி கீழே உருண்டு அவர் செருப்பில் சாய்ந்து நின்றது. சாய்ந்தால் செல்லாது. எடுத்து மறுபடி போட்டேன். மூன்று.

குறட்டை நின்றபோது பொம்மைகளைப் பொறுக்கிப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தேன். பிறகு தெருவுக்கு வந்து, மாமா விழுந்துட்டார் என்று அக்காவிடம் சொன்னேன். அவரை மாமா என்று நான் சொன்னது அதுதான் முதல் தடவை.

தள்ளியது நான். அதை மறைக்கவில்லை. ஆனால் பிழைக்க அவருக்கு முழு வாய்ப்பும் கொடுத்தேன். எனக்கு அவர் கொடுத்ததைவிட ஒன்றும் குறைவில்லை. பகடை அவர் பக்கம் விழவில்லை, அதற்கு நான் என்ன செய்ய.

நேற்று அக்கா வந்தாள். நீங்கள்தான் எதிரில் உட்காரவைத்தீர்கள். படியில் நடந்ததையெல்லாம் மெதுவாக, ஒன்றுவிடாமல் சொன்னேன். அக்காவிடம் எனக்குப் பேச வரும். அவள் அழவில்லை. அவளும் அதே மேசையில் உட்கார்ந்தவள், சட்டமெல்லாம் தெரிந்தவள். ஒன்றே ஒன்று கேட்டாள்.

“செருப்புல சாய்ஞ்சு நின்னுச்சே, அதுல என்ன இருந்துச்சு?”

“இருபது,” என்றேன். “ஆனா சாய்ஞ்சா செல்லாதுக்கா. அவரே சொன்னதுதானே.”

அக்கா எழுந்தாள். சத்தம் வராமல் நாற்காலியை மேசைக்கு அடியில் தள்ளினாள். கதவைத் திறந்துகொண்டு போனாள்.