வீரராகவன் அய்யாவின் பல்லி வால்கள்

மேடையில் வீற்றிருக்கும் பேராசிரியப் பெருமக்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் அய்யாவின் துணைவியார், எங்கள் வடிவு அம்மா அவர்களே, குமணன்சாவடி சரக்கு வண்டி ஓட்டுநர் சங்கத் தோழர்களே, கதவோரம் நின்றுகொண்டு "இவன் எப்ப மைக்கை விடுவான்" என்று பார்க்கிற மச்சான்களே, எல்லாருக்கும் வணக்கம்.

இந்த நினைவுக் கூட்டத்தில் எனக்கு முன்னால் பேசியவர்கள் முனைவர் வீரராகவன் என்றார்கள், ஊர்வனப் பரிணாம மரபியல் அறிஞர் என்றார்கள். அத்தனையும் உண்மை. ஆனால் ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்ட இந்தத் தங்கவேலுக்கு அதெல்லாம் வாயில் நுழையாது. எங்கள் லாரி ஸ்டாண்டில் அவர் பல்லி டாக்டர். அவர் காதுபடவே சொல்வோம். கோபித்தாரா? இல்லையே! "டாக்டர் இல்ல நைனா, பல்லிப் புரோக்கர். யாருக்கு யார் சொந்தம்னு பாக்கறவன்" என்று அவரே திருத்துவார்.

அதுதானே அவர் வேலை! ஒரு சுவரில் ரெண்டு பல்லி இருந்தால் நமக்கு ரெண்டும் பல்லி. அவருக்கு? வால் நுனியைக் கிள்ளி எடுத்து, அதன் மரபணுவைப் படித்து, எந்த வம்சம், எங்கே பிரிந்தது என்று சொல்லிவிடுவார். திருமழிசை தொழிற்பேட்டைக் கிடங்கில் இருக்கிற பல்லிக்கு, நாலு தெரு தள்ளி ஊருக்குள் இருக்கிற பல்லி உறவே இல்லையாம். கிருஷ்ணகிரிப் பக்கத்துப் பாறைப் பல்லிதான் பங்காளியாம்! எப்படி வந்தது? நம் லாரிகளில், சரக்கோடு சரக்காக. "டிக்கெட் எடுக்காம எத்தினி பேர் வந்துகினு கீறாங்க பாரு தங்கவேலு!" என்று தார்ப்பாயைத் தூக்கிக் காட்டிச் சிரிப்பார்.

முதல் தடவை அந்தப் பாறைக்கு நான்தான் வண்டி ஓட்டினேன். அவர் வாலைக் கிள்ள, நான் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். பல்லிப் பாவம் லேசான பாவமா? "அய்யா, காஞ்சிபுரத்துல வண்டிய நிறுத்துவேன். கோயில் தங்கப் பல்லியத் தொட்டுப் பாவத்தத் தொலச்சிட்டுதான் ஊட்டுக்கு" என்றேன். படித்தவர், நாலு வார்த்தை விடுவார் என்று பார்த்தேன். எனக்கு முன்னால் போய் வரிசையில் நின்றார். தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அப்புறம் நகர வேண்டுமா இல்லையா? மேலேயே பார்த்துக்கொண்டு நிற்கிறார்! "இன்னா சார், நவுரு!" என்று பின்னால் ஒரு அம்மா கத்துகிறது. "இரும்மா, பக்கத்துல நெஜப் பல்லி ஒண்ணு கீது" என்கிறார் மனுஷன்! அன்றைக்கு அவர் வரிசையில் நின்றதைச் சொல்லித்தான் எங்கள் ஸ்டாண்டே அவருக்கு வண்டி ஓட்டியது. இல்லையென்றால் பல்லி வால் ஏற்ற எவன் வருவான்?

வடிவு அம்மா முறைக்கக் கூடாது. ஒரு நாள் நான் வஞ்சிரம் வாங்கிக்கொண்டு போய்க் கொடுத்தால், "எங்கய்யா வெக்கிறது? பிரிட்ஜு பூரா வாலு!" என்று இவர்கள் போட்ட சத்தம் நூம்பல் வரைக்கும் கேட்டது. அப்புறம்தான் பக்கத்துத் தெருத் தசரதன் அண்ணன் வீட்டு மாடி அறையில் தனியாகப் பிரீசர் வந்தது.

வந்தேறிப் பல்லியும் ஊர்ப் பல்லியும் சம்பந்தம் செய்துகொள்கின்றனவா? அதுதான் அய்யாவின் கடைசிக் கேள்வி. ஆஸ்பத்திரிக் கட்டிலில் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "பதில் பிரீசர்ல கீது. கலைவாணி படிச்சிடும். நீ கரண்டு போவாம மட்டும் பாத்துக்க."

ஆராய்ச்சியில் அவரோடு நின்ற கலைவாணி இதோ இருக்கிறது. நேற்று அந்த மாடிப்படியில் உட்கார்ந்து அழுதது. தசரதன் அண்ணனைக் குறை சொல்ல மாட்டேன். மகளுக்குக் கல்யாணம், அறை வேண்டும். நாளைக்குக் காலி செய்தாக வேண்டும். "வேற வால் புடிக்கலாம் வா பாப்பா, வண்டி கீது" என்றேன். "எங்கண்ணா புடிக்கிறது? அந்தப் பாறையவே வெட்டி எடுத்துட்டாங்க. இது உருகிப் போச்சுன்னா அவ்ளோதான்" என்றது. அப்போதே ஒரு இடம் யோசித்து வைத்தேன்.

ஐஸ்கிரீம் ஏஜென்சி பாஸ்கரன் மூன்றாவது வரிசையில் இருக்கிறான். குனியாதே மாமே, செருப்பு எங்கும் ஓடாது. உன் கிடங்கில் ஜெனரேட்டர் இருக்கிறதா இல்லையா? என்ன? சத்தமாகச் சொல். "ஐஸ்கிரீம் பக்கத்துல பல்லி வாலான்னு ஜனம் கேக்கும்" என்கிறான். கேட்கட்டுமே! பிரீசர் பெட்டி தனி, பூட்டு தனி, சாவி கலைவாணியிடம். நீ தர வேண்டியது ஒரு மூலையும் ஒரு பிளக் பாயிண்ட்டும். வாழ்நாளெல்லாம் யாருக்கு யார் சொந்தம் என்று தேடியவருக்கு, நாம் என்ன சொந்தம் என்று காட்ட வேண்டாமா?

தலையாட்டுகிறான்! அம்மா பார்த்துவிட்டார்கள், மேடை பார்த்துவிட்டது. இனி பின்வாங்க முடியாது.

அய்யாவின் வேலையை நாங்கள் செய்ய முடியாது. அதைக் கலைவாணி செய்யும். அது முடிகிற வரைக்கும் அந்தப் பெட்டி குளிர்ந்திருக்கும். இது எங்கள் சங்கத்தின் வாக்கு.

இப்போது எல்லாரும் எழுந்து மௌனமாக நிற்போம். முடிந்ததும், டீக்குப் போகிற முன்னால், நாலு பேர் என்னோடு வாருங்கள். மாடிப்படி குறுகல், பெட்டியைச் சாய்க்கக் கூடாது. அன்றைக்கு அய்யாவைத் தூக்க நான் நீ என்று முந்திக்கொண்டு வந்தீர்களே, அதே தோள்தான் வேண்டும். வண்டி வாசலில் நிற்கிறது.