வேர்க்காத சட்டை

“அவியளுக்கு வேர்வை நின்னப்போ நான் சந்தோஷம்லா பட்டேன்.”

மாப்பிள்ளையூரணி பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் இருந்த பெண், மடியில் மாத்திரைப் பையை வைத்துக்கொண்டு, பக்கத்திலிருந்த இளையவளிடம் இப்படிச் சொன்னாள். அவளுடைய கணவர் உப்பளத்தில் வேலை பார்ப்பவர் என்பது போகப் போகத் தெரிந்தது.

“சந்தோஷமா? என்னக்கா சொல்லுத?”

“உப்பளத்துக்குப் போட்டுட்டுப் போன சட்டையைச் சும்மா அலசிப் போட்டாப் போதும்னு ஆயிட்டுல்லா. தெருவுல பெருமை வேற பேசினேன். போன மாசம் வெயில்ல மயங்கி விழுந்தப்புறம்தான் தெரிஞ்சுது. வேர்வை, நெஞ்சுத்துடிப்பு, செரிமானம் எல்லாத்தையும் நாம சொல்லாமலே பார்த்துக்கிடுத நரம்பு இருக்காம். சுகர் அதைக் கெடுத்துட்டாம், வேர்க்காத உடம்போட வெயில்ல வேலைக்குப் போவக்கூடாதுன்னு டாக்டர் சொல்லுதாவ. இனிமே நெஞ்சு வலி வந்தாக்கூட அவியளுக்குத் தெரியாமப் போவலாமாம்.”

“நீ என்னத்தக்கா கண்ட.”

“தெனமும் அந்தச் சட்டையைக் கையில எடுத்தவ நான்தாம்ளா.”

ரயில்வே கேட் மூடியிருந்ததால் பஸ் நின்றது. மூத்தவளே மறுபடி பேசினாள்.

“நேத்து சாயந்திரம் முதுகெல்லாம் நனைஞ்சு முன்னால வந்து நிக்காவ. ‘பாரு, வேர்த்துட்டு. திங்கக்கிழமை வேலைக்குப் போறேன்’ங்காவ. சட்டையை வாங்கி மோந்து பார்த்தேன். வேர்வை வாடையே இல்ல. வெறும் குழாய்த் தண்ணி.”

“நீ என்ன சொன்ன?”

“நல்லா வேர்த்திருக்குன்னு சொல்லி, சோப்புப் போட்டுத் தேய்ச்சுத் துவைச்சேன்.”