மைனாவின் முன்னங்கால்

டீ வர்றதுக்கு இன்னும் பத்து நிமிஷம் இருக்காம்... அதுவரைக்கும் ஒரு குட்டிக் கதை சொல்லிடுறேன். கேப்பீங்கதானே? கேட்டுத்தான் ஆகணும். வாசல்ல உங்க ஹெச்.எம். நிக்கிறாரு!

கொடைக்கானல் போயிருப்பீங்க. ஏரியைச் சுத்திக் குழந்தைங்களை ஏத்திக்கிட்டுக் குதிரைங்க நடக்கும்ல... அதுங்களுக்கும் நம்ம நகம் மாதிரி குளம்பு வளந்துக்கிட்டே இருக்கும். லாடம் அடிக்காம வெறுங்காலோட நடக்கிற குதிரைக்கு, ஆறு வாரத்துக்கு ஒரு தடவை வளைஞ்ச கத்தியால குளம்பைச் சீவி, அரத்தால ராவி விடணும். அந்த வேலையில அங்க பெரிய கை, பாக்கியநாதன். இருபத்தாறு வருஷ அனுபவம். அவர் சீவினா குளம்போட அடிப்பாகம் தேங்காய்ப் பத்தை மாதிரி வெள்ளை வெளேர்னு இருக்கும். "பாத்தீங்களா சுத்தத்தை!"ன்னு அவரே காலைத் தூக்கிக் காட்டுவாரு.

அதே ஊர்ல சலேத் மேரின்னு ஒரு அம்மா. புருஷன் இல்ல. இருந்ததெல்லாம் ஒரே ஒரு குதிரை, மைனா. மைனா நடந்தாத்தான் வீட்ல அடுப்பு எரியும். அந்த மைனா ரெண்டு மாசமா காலை வெச்சு வெச்சு எடுக்குது... சுடு மணல்ல நடக்கிற மாதிரி.

"அண்ணே, என்னண்ணே இது?"

"கல்லு குத்தியிருக்கும் தங்கச்சி. இன்னும் ரெண்டு இழுப்பு சீவி விடுறேன், சரியாயிரும்."

சீவினாரு. சரியாகல. மறுபடி சீவினாரு. அப்பவும் சரியாகல. அப்புறம் என்ன செஞ்சாரு? மறுபடியும் சீவினாரு!

அந்தச் சமயத்துல, கால்நடை டாக்டருங்க சேர்ந்து குளம்பு சீவுறவங்களுக்கு ரெண்டு நாள் பயிற்சி வெச்சாங்க. நம்ம ஆளு வந்தாரு. கையெழுத்தைப் போட்டாரு. கடைசி பெஞ்சு. பையை மடியில வெச்சுக்கிட்டாரு... ஏன்? டீ குடிச்சதும் கிளம்பணும்ல! பாடம் நடத்த வந்தது டாக்டர் நஸ்ரின், சின்ன வயசு. "நான் கத்தி பிடிச்சப்போ இந்தப் பொண்ணு பொறந்திருக்காது"ன்னு பக்கத்து ஆளு காதுல சொன்னாரு.

ஏன் சிரிக்கிறீங்க? தெரிஞ்ச ஆளு மாதிரி இருக்கோ?

அந்த டாக்டர் ஒரு பெரிய தட்டைக் கொண்டாந்து மேஜையில வெச்சாங்க. தட்டுல... ஒரு குதிரையோட கால். வயித்து வலியில செத்துப்போன குதிரையோடது. படிக்கிறதுக்காக அதோட சொந்தக்காரர் கொடுத்தது.

"யாராவது இதைச் சீவிக் காட்டுறீங்களா?"

பாக்கியநாதன் விடுவாரா? எழுந்து வந்தாரு. கத்தி பறக்குது! சீவல் சீவலா விழுது. "போதும்ணே"ன்னாங்க டாக்டர். "இருங்க டாக்டரம்மா, இன்னும் ரெண்டு இழுப்பு." தேங்காய்ப் பத்தை! எல்லாரும் கை தட்டினாங்க.

டாக்டர் ரம்பத்தை எடுத்தாங்க. அந்தக் குளம்பை நெடுக்கால ரெண்டா அறுத்து... திருப்பி வெச்சாங்க.

உள்ள எலும்பு. அந்த எலும்புக்கும் தரைக்கும் நடுவுல விரல் கனத்துக்கு இருக்க வேண்டிய அடிக்குளம்பு... எவ்வளவு மிச்சம் இருந்துச்சு தெரியுமா? நம்ம நகத்துக் கனம்! அவ்வளவுதான்!

இருபத்தாறு வருஷமா வெளியில மட்டும் பார்த்த மனுஷன், அன்னைக்குத்தான் உள்ள பாக்குறாரு. "அப்போ... மைனா?"

அந்த நேரம் பார்த்து ஃபோன். சலேத் மேரி.

"அண்ணே, நீங்க வர நேரமாகும்னு நீங்க இங்க வெச்சிருக்கிற கத்தியை நானே எடுத்துட்டேன். நீங்க செய்யிறதைத்தான் இத்தனை வருஷமா பாக்குறேனே! வலது முன்னங்கால் முடிஞ்சிருச்சு. நல்லா வெள்ளையா வந்திருக்கு. அடுத்த காலைத் தூக்கப் போறேன்..."

"வைம்மா! கத்தியைக் கீழ வை! தொடாதே!"

அந்த மனுஷன் போட்ட கூச்சல்ல வகுப்பே எழுந்து நின்னுச்சு.

டாக்டரையும் கூட்டிக்கிட்டு ஓடினாரு. மைனா வலது காலைத் தரையில ஊனாம தூக்கிக்கிட்டு நிக்குது. டாக்டர் அந்தக் குளம்போட அடியைக் கட்டைவிரலால அமுக்கினாங்க... அமுங்குச்சு! கல்லு மாதிரி இருக்க வேண்டிய குளம்பு, அமுங்குச்சுங்க! மைனா உடம்பே உதறிச்சு.

பாக்கியநாதன் சொன்னாரு: "கல்லு குத்தல தங்கச்சி. என் கத்திதான். நான்தான் இதை நொண்டியாக்கினேன். உனக்கும் அதையே பழக்கிவிட்டுட்டேன்."

அந்த அம்மா கத்தினாங்க: "அப்போ ரெண்டு மாசமா... வலியோடயா அதை நடத்தினேன்? புள்ளைங்களை வேற ஏத்தி விட்டேனே அண்ணே!"

இதுக்குப் பதில் இருக்கா? இருந்தா நீங்க சொல்லுங்க.

காலுக்குக் கட்டுப் போட்டு, ஏழு மாசம் மைனா ஏரிப் பக்கமே வரல. அந்த அம்மா ஹோட்டல்ல பாத்திரம் கழுவினாங்க. அடிக்குளம்பு மறுபடி வளந்துச்சு. மைனா நடந்துச்சு. மைனாவுக்கு வளந்துச்சுங்க... அதுக்கு முன்னாடி இருபத்தாறு வருஷமா அவர் சீவின மத்த குதிரைங்க? அந்தக் கணக்கு யாருகிட்ட இருக்கு?

அடுத்த வருஷப் பயிற்சிக்கு முதல் ஆளா வந்து முதல் பெஞ்சுல உக்காந்தாரு. "நீங்க சீவிக் காட்டுறீங்களாண்ணே?"ன்னு டாக்டர் கேட்டாங்க. "முதல்ல நீங்க அறுத்துக் காட்டுங்கம்மா"ன்னாரு.

ஆசிரியப் பெருமக்களே... இந்தக் கதையை ஏன் உங்ககிட்ட சொல்றேன்? நானும் முப்பத்தொரு வருஷம் கணக்கு வாத்தியார். கணக்கு வராத பசங்களை என்ன செஞ்சேன்? நூறு தடவை எழுதுன்னேன். அப்பவும் வரலையா, இருநூறு தடவை. நோட்டு பளபளன்னு இருந்துச்சு. உள்ள எவ்வளவு மிச்சம் இருந்துச்சுன்னு நான் பார்த்ததே இல்ல. மைனா மாதிரி காலை வெச்சு வெச்சு எடுத்த ஒவ்வொரு பையனோட முகமும் இப்போ ஞாபகம் வருது, பெயர்தான் வர மாட்டேங்குது.

தெரியாம செஞ்சோம், சரி. இனிமே தெரிஞ்சுக்கலாம்ல? அதுக்குத்தானே இந்த ரெண்டு நாள் பயிற்சி?

டீ வந்துருச்சு போல. கடைசி பெஞ்சுக்காரங்களே... உங்களைத்தான். டீயைக் குடிங்க. ஆனா மடியில இருக்கிற பையைக் கீழ வைங்க.