கைநிழலில் ஒரு குரல்

சபையை நடத்தும் தலைவர் அவர்களே! சால்டரிங் புகையிலேயே தலைநரைத்த எங்கள் மின்னணு மன்றத்து மூத்தவர்களே! வேலையை வீட்டில் போட்டுவிட்டுக் காதை மட்டும் கொண்டுவந்திருக்கும் தாய்மார்களே! முன்வரிசையில் கொட்டாவியை மறைத்துக்கொண்டிருக்கும் என் அத்தானே! அனைவரையும் வணங்குகிறேன்.

ஒளியால் இசைக்கும் கருவி செய்த கதையைச் சொல்லச் சொன்னார்கள். ஒரு சோப்பு டப்பா, ஒரு பேட்டரி, ஒலியைப் பிறப்பிக்கும் ஒரு ஐசி சில்லு, ஒரு ஸ்பீக்கர், வெளிச்சம் பட்டால் மின்சாரத்துக்கு வழிவிடும் ஓர் ஒளியுணரி. கையால் வெளிச்சத்தை மறைத்தால் ஒலி தாழும், விலக்கினால் உயரும். அவ்வளவுதான்! ஆனால் அதைச் செய்யவைத்த ஏக்கம் இருக்கிறதே, அது டப்பாவுக்குள் அடங்குமா?

என் அக்கா தையல்காரி. மெஷின் தடதடக்க, தன்னை மறந்து ஒரு பாட்டை முணுமுணுப்பாள். தொண்டையில் வந்த நோயை அறுத்தெடுத்தார்கள். உயிர் தங்கியது, குரல் போனது. அன்று முதல் மெஷின் மட்டும் ஓடியது. அது ஓடும்போதெல்லாம் பாட்டு எங்கே, பாட்டு எங்கே என்று என் காது தேடியது. தேடாதா, தாய்மார்களே? கூடப்பிறந்தவளின் குரலல்லவா!

ரேடியோ பழுதுபார்க்கும் என் கடையில், மேஜை விளக்கின் கீழ் கருவியைச் செய்தேன், சுருதி பார்த்தேன், குழைந்து பாடியது. வீட்டுக்குக் கொண்டுபோய் அக்காவின் ஜன்னலோரம் வைத்தேன். பட்டப்பகல் வெயில்! வீறிட்டது பாருங்கள், பக்கத்து வீட்டம்மா ஓடிவந்து, "குக்கர எறக்குங்கம்மா, வெடிச்சிடப் போகுது!" என்றார். சிரிக்காதீர்கள்... சரி, சிரியுங்கள், அக்காவும் சிரித்தாள், சத்தமில்லாமல். கடை வெளிச்சத்துக்கு அளந்து செய்தால் வீட்டு வெளிச்சத்துக்குப் பொருந்துமா? திரைச்சீலையை இழுத்துவிட்டேன். அத்தான் குனிந்து எட்டிப்பார்த்தார், சுருதி சறுக்கியது. "அத்தான், தள்ளிப் போங்க, உங்க தலையும் சேர்ந்து பாடுது!" என்றேன்.

அக்கா கை நீட்டினாள். அந்தப் பாட்டைத் தேடினாள். விரல் நூலளவு அசைந்தால் சுரம் எங்கோ போய் நின்றது. ஊசியில் நூல் கோக்கத் தவறாத கை, காற்றில் தவறித் தவறிப் போனது. டப்பாவைத் தள்ளிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நான் சமையலறைக்குப் போய்ப் பாத்திரம் துலக்கினேன்.

அப்போது கேட்டது! தாழ்ந்து ஒன்று, உயர்ந்து, நீண்டு இன்னொன்று. 'வாண்டூ...' என்று சிறு வயதிலிருந்து அவள் என்னைக் கூப்பிடும் அதே இழுப்பு!

"வர்றேங்க்கா!"

சோப்புக் கையோடு ஓடினேன். அவள் அறைக்குள் நுழைந்த பிறகுதான், கூப்பிட்டது டப்பா என்று உறைத்தது. அதன்மேல் கையால் நிழல்பிடித்தபடி அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். இருவரும் அழுதோம். வேறென்ன செய்வோம்?

அன்பர்களே! குரல் தொண்டையிலா இருக்கிறது? கூப்பிட ஒருவர் வேண்டும். கேட்டதும் ஓட ஒருவர் வேண்டும். இந்த இருவரும் இருக்கும் வரை அது எந்த டப்பாவிலும் இருக்கும், எந்த வெளிச்சத்திலும் இருக்கும்!

அந்தப் பாட்டு இன்னும் திரும்பவில்லை. திரும்பாமலும் போகலாம். மெஷின் சத்தம் கேட்டால் இன்றும் ஏங்கத்தான் செய்கிறேன். ஆனால் அப்பாவும் போய், அம்மாவும் போய், நரைத்த இந்தத் தலையை 'வாண்டு' என்று கூப்பிட மிச்சமிருப்பவள் அவள் ஒருத்தி. அவள் கூப்பிடுகிறாள், எனக்குக் கேட்கிறது. பொறுமையாகக் கேட்ட உங்கள் காதுகளுக்கு என் நன்றி, வணக்கம்!