எரிமலைக் குப்பி

அந்தக் குப்பியக் கொஞ்சம் எடுத்து வெளிச்சத்துல காட்டுங்க தம்பி. மேல் தட்டுல, அந்த மூலையில. எனக்குத் தோள்பட்டை எழும்பாது... சிவப்பு. வேண்டாம், வச்சிருங்க. சிவப்பு இங்க நிறைய இருக்கு. எனக்கு வெள்ளைதான் வேணும்.

தமிழுன்னு எப்படித் தெரிஞ்சுதுன்னா கேக்கிய? வாசல்ல நின்னு போன்ல சத்தம் போட்டியளே, இன்னும் சிமெண்டு வந்து இறங்கல்லன்னு. ஆங், வள்ளியூரா. நமக்கு ஆரல்வாய்மொழி. பேரு கோலப்பன். சாலை மார்க்கெட்டுல ஒரு கடைக்குக் கணக்கு பாக்கேன், வீடு ஸ்ரீவராகம். சாராயக் கடைக்குள்ள கால் வைக்கது இதுதான் முதல் தடவை. அந்தா, பில் போடுத இடத்துல வெள்ளைச் சட்டை, எங்க தெரு பஞ்சாபகேசன் போலத் தெரியுது. கொஞ்சம் மறைச்சு நில்லுங்க. அவரு என்னைக் கண்டா அவருந்தானே ஒளியணும்? அதுவும் சரிதான்.

போன்ல படம் இருக்கு, பாருங்க. எனக்க மக மீனு அனுப்பினது. குப்பியில ஒட்டியிருக்க தாளுல ஒரு மலை, மலைக்கு மேல புகை. எரிமலை தம்பி. நெசமான எரிமலை, இத்தாலியில. அந்தச் சாம்பல் மண்ணுல விளையுத திராட்சையில எடுத்த வெள்ளை ஒயின். கழக்கூட்டத்துல கம்ப்யூட்டர் வேலை அவளுக்கு. ஆபீசுலருந்து ஆறு மாசம் அங்க அனுப்பினாவ. ஞாயித்துக்கிழமை தோறும் போன் போடுவா. துணி காயப் போட்டா மேல சாம்பல் வந்து விழுமாம். வீட்டுக்காரி நம்ம வாசல் பெருக்கது போலத் தூத்துத் தள்ளுவாளாம். அந்த மண்ணுல அந்த ஊருக்கே உள்ள திராட்சைதான் வைப்பாவளாம், வேற எங்கயும் கிடையாதாம். அதே கொடிய வேற மண்ணுல கொண்டு நட்டா இந்த ருசி நிக்காதாம்.

இனிப்பா? அதைத்தான் நானும் கேட்டேன். சர்பத்து போலன்னுதான் நான் நினைச்சிட்டு இருந்தேன். இல்லப்பா, உப்பிலிட்ட நெல்லிக்காயக் கடிச்சா முதல்ல ஒரு புளிப்பு, பின்னே நாக்கு ஓரத்துல ஒரு உப்பு நிக்கும்லா, அதுபோலன்னா.

பொம்பளப் பிள்ளை இதெல்லாம் குடிக்குமான்னு முழிக்காதிய. நானும் முழிச்சவன்தான். அவளுக்க அம்மை ஒரு நாள் முழுக்கச் சோறு திங்கல்ல.

இந்தக் குப்பி எந்த ஊரு? பெங்களூரா? வேண்டாம் தம்பி. எல்லா வெள்ளையும் ஒண்ணுதான்னு நீங்க சொல்லுவிய, நானும் சொல்லுவேன். அவ சொல்ல மாட்டா. கிட்ட கொண்டு போனாலே கண்டுபிடிச்சிருவா. மத்தியானத்துலருந்து நாலு கடை ஏறி இறங்கியாச்சு. இங்க ஒரு குப்பி ஸ்டாக் உண்டு, எவிடயான்னு அறியில்லன்னு கடை ஆளு கை விரிச்சுட்டாரு. இன்னைக்கு விட்டாப் போச்சு. நாளைக்கு ஒண்ணாந்தேதி, கேரளா முழுக்கச் சாராயக் கடைக்குப் பூட்டு. எனக்கு நாளைக்கு ராத்திரிதான் வேணும்.

ஆளு வருமான்னா, வரும். எனக்க தம்பிமாரு மூணு பேரும் குடும்பத்தோட வாறாவ. அவங்களுக்கா? ஐயோ, அவங்களுக்கில்ல. கண்டா சண்டை பிடிப்பாவ, அது வேற பயம் எனக்கு. சிவகாமிதான், எனக்க வீட்டுக்காரி, போய் வாங்கிட்டு வாங்கன்னு சொல்லிட்டா. சோறு திங்காமக் கிடந்தாளே, அவளேதான். பிரிட்ஜுலருந்து தோசை மாவைத் தூக்கி வெளிய வச்சு இடம் ஒதுக்கியாச்சு. நான் வெறும் கையோட போய் நின்னா அவ முகத்தைப் பாக்க முடியாது தம்பி.

அந்தா, அந்தப் பிராந்திக்குப் பின்னால என்னது? பச்சையா ஒண்ணு... இழுங்க. மெல்ல, மத்தது சரிஞ்சிரும்... மலை இருக்கு. புகை இருக்கா? படத்தோட வச்சுப் பாருங்க, எனக்குக் கண்ணு தெளியல்ல. எழுத்தும் ஒத்து வருதா? உள்ள இருக்கது வெள்ளைதானே? நல்லாப் பாத்துச் சொல்லுங்க.

கொள்ளாம் தம்பி. நல்லா இருப்பிய.

இன்னும் ஒண்ணு. நீங்க பழக்கம் உள்ள ஆளு, அதனால கேக்கேன். இது நல்லாக் குளிர்ந்திருக்கணும்னு சொல்லுவா. பிரிட்ஜுலருந்து வெளிய எடுத்தா அந்தக் குளிரு எவ்வளவு நேரம் நிக்கும்? இலை போட்டு, எல்லாம் விளம்பி, சூடம் காட்டி, கதவைச் சாத்திட்டு நாங்க வெளிய வந்து நிக்கணும்லா. பதினாறாம் நாளுக்குப் படைக்கது உங்க ஊருலயும் அப்படித்தானே? எங்க அப்பாவுக்குச் சாராயமும் சுருட்டும் வச்சோம். எனக்க தம்பிமாருதான் போய் வாங்கிட்டு வந்தாவ. பொட்டப் பிள்ளைக்கு எங்க குடும்பத்துல யாரும் இப்படி வச்சதில்ல. பிடிச்சதை வைக்கதுல ஆணு பொண்ணு என்னன்னு சிவகாமி கேக்கா.

எப்படின்னா கேக்கிய? பைபாஸ்ல, தம்பி. ஆபீஸ் விட்டு ஸ்கூட்டர்ல வந்தா.

அரை மணி நேரம் குளிரு நிக்குமா? கொஞ்சம் கூட நின்னா நல்லது. அவ மெதுவாத்தான் சாப்பிடுவா.

சரி, நீங்க உங்களுக்கு வேண்டியத எடுங்க, பில்லுக்கு நான் நிக்கேன். அந்த விலைச் சீட்டை மட்டும் நகத்தால சுரண்டிட்டுத் தாங்க. மெல்ல, மலை கிழிஞ்சிராம.