கப்பல் வரும்வரை வீட்டிலிருக்க விட்டவருக்கு

பாதாம் நாலா காவல் நிலையப் பொறுப்பிலிருந்து இன்று ஓய்வு பெறும் சப்-இன்ஸ்பெக்டர் உயர்திரு சி. திருநாவுக்கரசு அவர்களுக்கு, நிலையத்தார் மனம் கனக்க வாசித்தளிக்கும் மடல்.

கைவிலங்கைவிடக் கண்ணியத்தை நம்பிய காவலரே!

இந்தத் தீவில் காடு திருத்திக் குடியேறிய காலத்தில் கான்ஸ்டபிளாய்க் கரையிறங்கி, மழையிலும் மலேரியாவிலும் கடமை மறவாது உழைத்து, படிப்படியாய் உயர்ந்தவர் நீங்கள். அந்த உயர்வுகளைச் சொல்ல இந்த ஒரு வரி போதும். மீதியை நீங்கள் தோற்றுப்போன ஒரு காரியத்துக்கு ஒதுக்குகிறோம், கோபித்துக்கொள்ள வேண்டாம்.

இங்கே பிடிபட்டவரை மாஜிஸ்திரேட் முன் நிறுத்தக் கப்பல் வேண்டும். கடல் கொந்தளித்தால் கப்பல் வராது. அந்தக் காத்திருப்பில்தான் லாக்கப்பில் வாக்குமூலங்கள் விளைந்தன. எப்படி விளைந்தன என்று இந்தச் சபையில் விரிக்க வேண்டியதில்லை. சாட்சியைத் தேடுவதைவிடத் தடியைத் தேடுவது எங்களுக்குச் சுலபமாயிருந்தது.

பொறுப்பேற்றதும் அதை நிறுத்தினீர்கள். “அரே, சுத்திலும் சமுந்தர். எங்கய்யா ஓடிருவான்? வீட்ல கிடக்கட்டும், கப்பல் ஊதுனா ஜெட்டிக்கு வரட்டும்” என்றீர்கள். நாங்கள் முதுகுக்குப் பின்னால் சிரித்தோம். ஆனால் சொன்னபடி வந்தார்கள். அடிக்க ஆளில்லாததால் நாங்களும் தடயம் தேடக் கற்றுக்கொண்டோம்.

வராமல் போனவர் ஒருவர்தான். வன இலாகாப் பலகையைத் திருடியதாகக் குற்றம் சாட்டப்பட்ட உதயசூரியன். அன்று கப்பல் வந்து நின்றபின் பேய்க்காற்று எழுந்தது, கப்பல் அவரில்லாமலே புறப்பட்டது. ஆள் தப்பியோடினார் என்று மேலிடம் முடிவுகட்டி, இனி எவரையும் வெளியே விடக்கூடாதென்று உத்தரவு போட்டது. சில நாள் கழித்து, நாலா ஓடையின் அலையாத்திக் காட்டில் கவிழ்ந்த தோணியருகே அவர் உடல் கிடைத்தது. ஜெயிலுக்கென்று மடித்த மாற்று வேட்டி இடுப்பில் கட்டியபடி இருந்தது. “அவுக கப்பலுக்குத்தான் சார் கிளம்புனாக” என்று அவர் மனைவி மரகதம் சொன்னபோது உங்கள் முகத்தைப் பார்த்தோம். பார்த்திருக்க வேண்டாம்.

உத்தரவை ரத்து செய்யச் சொல்லி மனு போட்டீர்கள். மறுபடி மறுபடி நினைவூட்டினீர்கள். அவர் பலகையைத் திருடினாரா என்பது இன்றுவரை தீரவில்லை. ஓடினார் என்பது மட்டும் மேலிடத்துக் கோப்பில் தீர்ந்துவிட்டது.

பொறுமையிலும் பெரியவரே!

லாக்கப் மறுபடி நிரம்பத் தொடங்கிவிட்டது. இதை வாசிக்கும் இந்நேரமும் இந்தச் சுவருக்கு அப்பால் மளிகைக்கடை ஹபீப் முகம்மது கப்பலுக்காகக் காத்திருக்கிறார். நீங்கள் இருந்ததால் அவர்மேல் ஒரு கை படவில்லை. புதிய அதிகாரி நாளைக் காலை பொறுப்பேற்கிறார். அதற்குப் பிறகு எங்களால் உறுதி சொல்ல முடியவில்லை.

துணைவியார் நீலாவதி அம்மையாரோடு நலமாய், நெடிது வாழுங்கள். உங்கள் மனுவுக்குப் பதில் வரும் நாளில் நீங்கள் உயிரோடிருந்து அதைப் படிக்க வேண்டும். இந்த இலாகாவை நாங்கள் அறிவோம், ஐயா. அதைவிட நீண்ட ஆயுளை யாரும் யாருக்கும் கேட்டிருக்க முடியாது.

பாதாம் நாலா
30-6-1974

உங்களிடம் விசாரிக்கக் கற்ற
நிலையத்துக் காவலர்கள்