சீட்டைச் சாய்க்கும் உரிமை

யார் யார் இருந்தார்கள் என்றுதானே முதலில் கேட்டீர்கள், வக்கீல் சார். சொல்கிறேன். ஜன்னலோரம் நான், ராஜரத்தினம். என் பக்கத்தில் கமருன்னிசா என்றொரு அம்மாள், சென்னையில் கண் ஆபரேஷன் முடித்துக்கொண்டு ரங்கூன் திரும்பிக்கொண்டிருந்தவர். எனக்கு நேர் பின்னால், அதுவும் ஜன்னலோரம்தான், என் தம்பி நல்லப்பன். அவனுக்குப் பக்கத்தில் என் மனைவி தங்கமணி. அந்த வரிசையின் ஓரத்தில் காதுகளை ஹெட்போனால் மூடிக்கொண்டு ஒரு பர்மிய வியாபாரி. பிறகு விமானப் பணிப்பெண், மா தண்டா என்று சட்டையில் போட்டிருந்தது. அவ்வளவுதான். வேறு யாருக்கும் இதில் சம்பந்தமில்லை.

விமானத்தில் சீட்டைச் சாய்ப்பதற்கு இப்போது ஆளுக்கு ஒரு சட்டம் சொல்கிறார்கள். பின்னால் இருப்பவரைக் கேட்க வேண்டுமாம். பாதிதான் சாய்க்க வேண்டுமாம். பிள்ளை வைத்திருப்பவர் முன்னால் சாய்க்கவே கூடாதாம். எனக்கு எழுபத்துநான்கு வயது. சாய்கிற சீட்டை விற்றிருக்கிறார்கள், வாங்கியவன் சாய்ந்துகொள்கிறான். எனக்கு முன்னால் இருப்பவர் சாய்த்தால் நான் முட்டியை மடக்கிக்கொண்டு உட்காருவேன். முணுமுணுக்க மாட்டேன். அதேபோல என் பின்னால் இருப்பவரும் இருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பதில் தவறு எதுவும் எனக்குத் தெரியவில்லை.

என் தம்பி வேறு மாதிரி. அவன் வைத்தியத்துக்காகச் சென்னைக்குப் போகும்போது அவன் பின்னால் ஒரு கல்லூரிப் பெண் கம்ப்யூட்டரை விரித்து வைத்திருந்தாள். இவன் எழுந்து நின்று, திரும்பி, அந்தப் பெண்ணிடம், "பாப்பா, இந்தக் கெழவன் கொஞ்சம் சாஞ்சுக்கட்டுமா? உன் பொட்டி நசுங்கிடாதே?" என்று கேட்கிறான். அவள் பரீட்சைக்கு எழுதுகிறேன் என்றாள். "அப்ப நீ எழுதும்மா" என்று சொல்லிவிட்டு, நெஞ்சுவலிக்காரன், சென்னை வரைக்கும் நிமிர்ந்தே உட்கார்ந்து வந்தான்.

"ஒனக்கு முதுகெலும்பே கெடையாதாடா?" என்று கேட்டேன்.

"இருக்குண்ணே. அதான நேரா உக்காந்திருக்கேன்" என்றான். சிரிப்பு வேறு.

அவன் அப்படித்தான். யார் எதைக் கேட்டாலும் சரி என்பான். கடைசியில் தன் மகளுக்கும் சரி என்று சொல்லிவிட்டான்.

எங்கள் குடும்பத்தைப் பற்றி நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். ரங்கூனில் எங்கள் பேட்டை மிங்கலா தாங்ஞுன்ட்டில் யாரை விசாரித்தாலும் சொல்வார்கள். தாத்தா துறைமுகத்தில் மூட்டை தூக்கினார், அப்பா நகராட்சியில் மேஸ்திரியாக இருந்தார். சர்க்கார் கடைகளைப் பறித்த காலத்தில் பாதி ஊர் இந்தியாவுக்குக் கப்பலேறியபோதும் நாங்கள் போகவில்லை. நின்றோம். கோயிலைப் பூட்டாமல் பார்த்துக்கொண்டோம். அதனால்தான் ஆடித் திருவிழாவில் பரிவட்டம் எங்கள் தலையில் கட்டுகிறார்கள். அப்பாவுக்குக் கட்டினார்கள், இப்போது எனக்கு. எனக்குப் பிள்ளை இல்லை. எனக்குப் பின் நல்லப்பனுக்கு, நல்லப்பனுக்குப் பின் அவன் மகள் சுனிதாவின் மாப்பிள்ளைக்கு. முறை அது.

சென்னை டாக்டர், ரத்தக்குழாயில் அடைப்பு இருக்கிறது, இரண்டு மாதம் கழித்து வாருங்கள், ஆபரேஷன் செய்துவிடலாம் என்றார். அதுவரைக்கும் மாத்திரை. நெஞ்சைப் பிடித்தால் நாக்குக்கு அடியில் ஒன்று, தாமதிக்காமல் வைக்க வேண்டும் என்று நல்லப்பனிடமும் சொன்னார், என்னிடமும் சொன்னார். ஊருக்குக் கிளம்புவதற்கு முந்தின நாள் லாட்ஜில் என் சட்டையையும் சேர்த்து மடித்துக்கொண்டே நல்லப்பன் பேச்சை எடுத்தான்.

"அண்ணே, போனதும் முத்து முகம்மது வீட்டுக்குப் போறேன். வாக்கு குடுத்துட்டேன்."

"என்ன வாக்கு?"

"சுனிதாவுக்கும் அவரு மவன் அப்துல் ரவூப்புக்கும். வர்ற வெள்ளிக்கெழம பேசி முடிச்சிரலாம்னு. நீங்க முன்னால நின்னா நல்லாயிருக்கும்."

"நிக்கலன்னா?"

"நிக்கலன்னாலும் நடக்கும்ண்ணே."

பிறந்ததிலிருந்து அவன் என்னிடம் அப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை. குரலை உயர்த்தவும் இல்லை. மடித்த சட்டையைத் தடவிக்கொண்டே சொன்னான்.

"பையன் தங்கம்ண்ணே. உங்களக் கண்டா எந்திரிச்சு நிக்கிறான்ல?"

"எந்திரிச்சு நிக்கிறவனுக்கெல்லாம் பொண்ணு குடுக்கறதா?"

"அப்ப, உக்காந்தே கெடக்கறவனாப் பாக்கச் சொல்றீங்களா?"

எனக்கு யார்மேலும் பகை கிடையாது. முத்து முகம்மது வீட்டு நோன்புக் கஞ்சியை ஒவ்வொரு வருடமும் வாங்கிக் குடித்திருக்கிறேன். அவர் மனைவி இறந்தபோது முதல் ஆளாகப் போய் நின்றேன். கஞ்சி வேறு, கல்யாணம் வேறு. அந்தப் பையன் நல்லவன் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் பரிவட்டத்தை அவன் தலையில் கட்ட முடியுமா என்று மட்டும் யோசித்துப் பாருங்கள். கோயில் கமிட்டிக்காரர்கள் அடுத்த ஆடிக்கே வேறு குடும்பத்தைத் தேடுவார்கள். நான் இருக்கிறபோதே.

விமான நிலையத்தில் சோதனைக்கு எல்லாவற்றையும் தட்டில் போடச் சொன்னார்கள். நல்லப்பன் சட்டைப்பையில் இருந்த மாத்திரைப் பட்டையையும் போட்டான். தட்டு இந்தப் பக்கம் வந்ததும் நான்தான் எடுத்து அவன் கைப்பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்தேன். அவன் பெல்ட் கட்டிக்கொண்டிருந்தான். நான் எடுத்து வைப்பது வழக்கம்தான். சின்ன வயதிலிருந்து அவன் சாமான்களை நான்தான் பார்த்துக்கொள்கிறேன்.

சீட்டு கேட்டதும் நான்தான். அவன் நடைவழியோரம் வேண்டும் என்றான். ஜன்னல் பக்கம் உட்கார்ந்தால் மேகம் பார்க்கலாம் என்று சொன்னேன், சரி என்றான். தங்கமணியை அவன் பக்கத்தில் உட்கார வைத்தேன், உடம்பு சரியில்லாதவனுக்குத் துணை வேண்டும் அல்லவா. அவளுக்கு விமானம் ஏறினால் குமட்டும். அதற்கு ஒரு மாத்திரை உண்டு, தூக்கம் தருவது. எப்போதும் ஒன்று கொடுப்பேன். அன்று இரண்டு கொடுத்தேன்.

கைப்பையை மடியில் வைத்துக்கொள்ளப் பார்த்தான் நல்லப்பன். மா தண்டா வந்து, கீழே வைக்க வேண்டும் என்றாள். விதி அது. அவன் நெடிய ஆள், தொந்தி வேறு, குனிய அவதிப்பட்டான். நான் எழுந்துபோய்ப் பையை வாங்கி என் சீட்டுக்கு அடியில், உள்ளே தள்ளி வைத்தேன்.

விமானம் மேலே ஏறி விளக்கு அணைந்ததும் சீட்டை முழுவதும் சாய்த்தேன். கண்ணை மூடிக்கொண்டேன்.

இங்கே எங்கள் வீட்டு வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். மூத்தவர் தூங்கினால் எழுப்புவதில்லை. அப்பா ஒரு மழைக்காலத்தில் வேலையிலிருந்து வந்து அப்படியே படுத்துவிட்டார். கூரை ஒழுகியது. அம்மா எழுப்பவில்லை. நல்லப்பனிடம் ஒரு குடையைக் கொடுத்து அப்பாமேல் பிடிக்கச் சொன்னாள். மழை நிற்கும்வரை பிடித்துக்கொண்டு நின்றான், கை மாற்றி மாற்றி. மூத்தவர் தலைக்குப் பக்கத்தில் கை கொண்டுபோவதும் கிடையாது. பர்மியர்களிடமும் இந்த வழக்கம் இருக்கிறது, நாங்கள் இரண்டுக்கும் நடுவில் வளர்ந்தவர்கள். சீட் சாய்ந்தால் என் தலை எங்கே வரும் என்று பாருங்கள். அவன் நெஞ்சுக்கு நேரே. சீட்டைத் தள்ளினால் என் தலையைத் தள்ளியதாகும். நல்லப்பன் அதைச் செய்ய மாட்டான். எனக்குத் தெரியும்.

அவன் என்னிடம் சீட்டை நிமிர்த்தச் சொல்லிக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நிமிர்த்தியிருப்பேன். இதை நீங்கள் அப்படியே எழுதிக்கொள்ளலாம்.

கடலுக்கு மேலே வந்த பிறகு பின்னால் அசைவு தெரிந்தது. அந்த மாதிரி விமானங்களில் சீட்டின் முதுகு மெல்லியது, பின்னால் இருப்பவர் மூச்சு விட்டாலும் தெரியும். குனியப் பார்க்கிறான், நெற்றி என் சீட்டில் இடிக்கிறது, உடனே விலகிக்கொள்கிறான். மறுபடி ஒரு பக்கமாகச் சரிந்து பார்க்கிறான். காலால் பையை இழுக்க முயன்றான், பையின் வார் என் குதிகாலுக்குக் கீழே இருந்தது. பிறகு சீட்டுக்கும் சுவருக்கும் நடுவில் இருக்கும் இடுக்கில் அவன் கை வந்தது. கண்ணைப் பாதி திறந்து பார்த்தேன். விரல்கள் என் முழங்கைக்குப் பக்கத்தில் வந்து நின்றன. தொடவில்லை. கொஞ்ச நேரம் அப்படியே இருந்துவிட்டுத் திரும்பிப் போயின.

"அண்ணி... அண்ணி..." என்று தங்கமணியைக் கூப்பிட்டான். அண்ணியைத் தொட்டு உலுக்குகிற பழக்கம் அவனுக்கு இல்லை. அவள் எழவில்லை. தலைக்கு மேலே பணிப்பெண்ணைக் கூப்பிடும் பொத்தான் இருந்தது. கையைத் தூக்க முடிந்திருந்தால் அதை அழுத்தியிருக்கலாம்.

"அண்ணே" என்றும் ஒருமுறை சொன்னான். இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால் அது கேட்டதாக ஆகாது. என்ன வேண்டும் என்று சொல்ல வேண்டும்.

கமருன்னிசா அம்மாளுக்குக் காது கூர்மை. "ஐயா, பின்னால யாரோ கூப்புடுறாப்ல இருக்கே" என்றார்.

"என் தம்பிதாம்மா. ஏரோப்ளேன்னா அவனுக்குப் பயம். கொஞ்ச நேரத்துல அடங்கிரும்."

"பாவம், தண்ணி கிண்ணி கேக்குறாரோ என்னமோ. அந்தப் பொண்ணக் கூப்புடவா?"

"தண்ணி குடிச்சா வாந்தி எடுப்பான். நீங்க படுங்க. கண்ணுக்கு ஓய்வு வேணும் உங்களுக்கு."

"நல்ல அண்ணன் நீங்க" என்று சொல்லிவிட்டுச் சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டார். நான் அவரிடம் சொன்ன பதிலும் தவறாகப் போகவில்லை. கொஞ்ச நேரத்தில் அடங்கிவிட்டது.

இறங்கப்போகும் அறிவிப்பு வந்தது. மா தண்டா ஒவ்வொரு வரிசையாகப் பார்த்துக்கொண்டு வந்து, "ஊலே, சீட்டை நிமிர்த்துங்கள்" என்று பர்மியத்தில் மரியாதையாகச் சொன்னாள். ஊலே என்றால் மாமா. நிமிர்த்தினேன். விமானத்தில் விதி என்று ஒன்று இருந்தால் அதை மீறுகிறவன் நான் இல்லை. என் சீட்டின் முதுகில் நெற்றியை வைத்திருந்தான் போலிருக்கிறது. சீட் எழுந்ததும் அந்தப் பாரம் நகர்வது எனக்குத் தெரிந்தது. அவள் கத்தினாள். ஹெட்போன்காரன் எழுந்து நின்றான். தங்கமணி அதற்குப் பிறகுதான் விழித்தாள்.

வெளியே சுனிதா சக்கர நாற்காலியோடு காத்திருந்தாள். பக்கத்தில் அப்துல் ரவூப். என்னைக் கண்டதும் அந்தப் பையன் எழுந்து நின்றான் என்று சொல்ல முடியாது, ஏற்கெனவே நின்றுகொண்டுதான் இருந்தான். விஷயத்தைச் சொன்னது நான். சுனிதா என் தோளில் விழுந்து அழுதாள். பிடித்துக்கொண்டேன். பெரியப்பா இருக்கிறேன் என்றேன். கொள்ளி வைத்ததும் நான்தான். அவனுக்கு நான் எதிலும் குறை வைக்கவில்லை.

தகப்பன் இறந்தால் வீட்டில் ஒரு வருடம் சுபகாரியம் கிடையாது. தகப்பன் இடத்துக்கு வருகிறவன் பெரியப்பா. இவ்வளவுதான் நான் நினைத்தது. நான் கேட்டது ஒரு வருட அவகாசம். ஒரு மனிதன் தன் குடும்பத்துக்காக அதைக் கேட்பது பெரிய விஷயம் அல்ல.

சுனிதா இப்போது தினமும் வேலைக்குப் போகும் முன் எனக்கு டீ போட்டுக் கொடுத்துவிட்டுப் போகிறாள். கரண்டு இல்லாத நாளில் அடுப்பு மூட்டிப் போடுகிறாள். போன வாரம் டம்ளரை வைத்துவிட்டு, "பெரியப்பா, நாங்க ஒரு வருஷம் காத்திருக்கோம். அவரும் சரின்னுட்டாரு. அப்புறம் அப்பா எடத்துல நின்னு நீங்கதான் நடத்தி வைக்கணும்" என்றாள். அப்பனைப் போலவே மெதுவான குரல். நான் டம்ளரை எடுத்து டீயைக் குடித்தேன். ஒரு வருடம் என்பது நீண்ட காலம். அதற்குள் அவளுக்குப் புத்தி வரும். வராவிட்டால், அதை அப்போது பார்த்துக்கொள்ளலாம்.

சொல்லி முடித்துவிட்டேன். நீங்கள் பேனாவைக் கீழே வைத்துவிட்டீர்கள். எடுங்கள், எழுதுங்கள். அவளிடமும் படித்துக் காட்டுங்கள். எனக்கு ஒளிக்க ஒன்றுமில்லை. எனக்காக ஒருவரும் பரிதாபப்படவும் வேண்டாம்.

விமானக் கம்பெனிமேல் நீங்கள் எழுதிக் கொண்டுவந்திருக்கும் புகாரில் மட்டும் நான் கையெழுத்துப் போட முடியாது. சீட்டின் பொத்தான் சிக்கிக்கொண்டது, பெரியவர் தம்பிக்காக அதோடு போராடியும் நிமிர்த்த முடியவில்லை என்று அதில் இருக்கிறது. லத்தா கடைவீதியிலும் அப்படித்தான் பேசிக்கொள்கிறார்களாம். யார் கிளப்பியது என்று தெரியாது. சுனிதா அதை நம்புகிறாள் என்பது தெரியும். எங்கள் குடும்பத்தில் பொய்ச்சாட்சி சொன்னவர் யாரும் இல்லை, நான் தொடங்கிவைக்க மாட்டேன்.

பொத்தான் சிக்கவில்லை. என் கட்டைவிரல் அதன்மேல்தான் இருந்தது. நான் அழுத்தவில்லை.